பிள்ளைகள் சொன்ன தம் கதை



அரசர்கள் தம் வெற்றியைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். வணிகர்கள் தம் வரவு செலவை ஏட்டில் எழுதி வைத்தார்கள். புலவர்கள் தம்மைப் புரந்தவர்களின் புகழைப் பாடி வைத்தார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒருவன், தன் வீட்டில் நேற்று நடந்த ஒன்றைத் தன் சொந்தச் சொற்களால் எழுதி, "இது நான் கண்டது" என்று சொல்வதற்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது எப்போது? அந்த இடத்தை அவனுக்குப் பெற்றுத் தந்தவர்கள் யார்? அதற்காக அவர்கள் பட்ட பாடு என்ன? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இது சிறிய பொருள் என்று நீங்கள் எண்ணலாம். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆரம்பப் பள்ளிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை. ஒரு பிள்ளை தன் வாழ்க்கையை எழுதத் தக்க பொருளாகக் கருதுகிறானா, அல்லது எழுதத் தக்கது எல்லாம் வேறெங்கோ வேறு யாருக்கோ நடப்பது என்று கருதுகிறானா என்பது, அவன் பிற்காலத்தில் எத்தகைய குடிமகன் ஆவான் என்பதோடு தொடர்புடையது.

முதலில் நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்து என்பது மணலில் பிறந்தது. பிள்ளை விரலால் மணலில் எழுதினான். கை தேறியபின் எழுத்தாணியும் ஓலையும் பிடித்தான். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, எண்சுவடி ஆகியவற்றை மனப்பாடம் செய்தான். சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொன்னார்கள். அந்த முறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது அக்காலத்துப் பிள்ளைகளுக்கு அளித்த நினைவாற்றலும் சொல்வளமும் பெரியவை. ஆயினும் ஒன்று உண்மை. அங்கே எழுதுவது என்றால், முன்னோர் சொன்னதை வழுவாமல் திருப்பி எழுதுவது. பிள்ளை தான் கண்டதைச் சொல்ல வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்காக ஏற்பட்ட ஆதரவில்லம் ஒன்றுக்கு 1789-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் மேற்பார்வையாளர் ஆனார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797-இல் இலண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவிற்று. நம் சட்டாம்பிள்ளை கடல் கடந்து போனார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு தந்த முறை அது. அதற்காக அதைப் போற்றலாம். ஆனால் அங்கும் பிள்ளை பிறர் சொன்னதையே எழுதினான்.

நம் மொழியில் பெரியவர்கள் கூடத் தம் கதையை உரைநடையில் எழுதத் தொடங்கியது பிற்காலத்தில்தான். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, தான் கண்டதையும் கேட்டதையும் எழுதும் வழக்கத்துக்கு அரிய சான்று. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் அவர்கள் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியது தம் எண்பத்தைந்தாம் வயதை ஒட்டி. 1940-இல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வரத் தொடங்கிய அந்நூல், 1942-இல் அவர் மறைந்ததனால் முற்றுப்பெறாமல் நின்றது. தாம் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தை அவர் அதில் எவ்வளவு நுட்பமாக விவரிக்கிறார் என்பதைப் படித்தவர் அறிவர். அந்தப் பள்ளியில் பிள்ளையாக இருந்தபோது அவரிடம் அதை எழுதச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அந்த நினைவுகள் அவர் உள்ளத்திலேயே காத்திருந்தன.

பெரியவர்களின் நிலையே இதுவானால், பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் பள்ளிக் கட்டுரை என்றால், 'நன்றியுடைமை', 'காலத்தின் அருமை', 'இளவேனில்' என்பன போன்ற தலைப்பைக் கொடுத்து, மாதிரி ஒன்றைக் காட்டி, அதைப்போல் எழுதச் சொல்வதாகவே இருந்தது. அந்த வழக்கத்தை அசைத்துப் பார்த்தவர்களுள் முன்னே நிற்பவர் உருசிய எழுத்தாளர் டால்ஸ்டாய்.

டால்ஸ்டாய் தம் ஊராகிய யாஸ்னயா போல்யானாவில் 1859-ஆம் ஆண்டு உழவர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். அப்போது அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பண்ணையடிமைகள். 1861-இல்தான் உருசியாவில் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பிரபு ஒருவர் ஆசிரியரானார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் தொடக்கத்தில் மற்ற ஆசிரியர்களைப் போலவே தலைப்புக் கொடுத்துப் பார்த்தார். கட்டுரைகள் உயிரற்றுக் கிடந்தன. ஒரு நாள் பழமொழித் தொகுதி ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தவர், அதிலிருந்து ஒன்றை எடுத்து, இதற்கேற்ற கதை எழுதுங்கள் என்றார். கரண்டியால் உணவூட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவதைப் பற்றிய பழமொழி அது. செய்த உதவியைச் சொல்லிக் காட்டிப் புண்படுத்துபவரை அது குறிக்கும். பிள்ளைகள், எங்களால் ஆகாது, நீங்களே எழுதுங்கள் என்றார்கள். அவர் எழுத உட்கார்ந்தார். ஏழை உழவன் ஒருவன் இரவலன் ஒருவனுக்கு வீட்டில் இடம் கொடுத்துப் பிறகு அதைக் குத்திக் காட்டுவதாகக் கதை.

பிள்ளைகள் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். அவர் எழுதியதைப் படிக்கக் கேட்டு, இது இப்படியிராது, அவன் இப்படிப் பேசமாட்டான் என்று திருத்தினார்கள். சிறிது நேரத்தில் பேனா மட்டும் அவர் கையில் இருந்தது. கதை அவர்கள் கைக்குப் போய்விட்டது. பெரும்பாலோர் வீட்டுக்குப் போனபின்னும் சேம்கா, ஃபேத்கா என்னும் பெயரால் அவர் குறிப்பிடும் இரு பையன்கள் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கதையில் பக்கத்து உறவினன் ஒருவன் வருகிறான். அவன் பெண்பிள்ளைகள் அணியும் சிறிய தோல்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான் என்று எழுதும்படி ஃபேத்கா சொன்னான். இந்த ஒரு சொல்லில் அந்த வீட்டின் வறுமையும் அவசரமும் அந்த மனிதனின் இயல்பும் ஒருங்கே தெரிந்ததைக் கண்டு டால்ஸ்டாய் வியந்து போனார். தாம் தேடினாலும் அந்தச் சட்டை தமக்குக் கிடைத்திராது என்பதை உணர்ந்தார். அதைக் கண்ணால் கண்டிருந்தவன் அந்தப் பையன் அன்றோ!

பிறகு நடந்தது ஒரு துன்பம். டால்ஸ்டாய் சில நாள் பள்ளிக்கு வராதிருந்த சமயத்தில், பிள்ளைகளிடையே காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்யும் வழக்கம் பரவியிருந்தது. அந்தக் கதைத் தாள்களும் விளையாட்டுப் பொருள்களாகிப் பின் குப்பையோடு அடுப்புக்குள் போய்விட்டன. அவர் பட்ட வருத்தத்தைக் கண்டு, அந்த இரு பையன்களும் தாமாகவே வந்து, மீண்டும் எழுதலாம் என்றார்கள். அவர் வீட்டிலேயே இரவு தங்கி, நினைவிலிருந்து கதையை மறுபடியும் உருவாக்கினார்கள். தாம் அரும்பாடு பட்டு ஆக்கிய ஒன்றை இழந்துவிட்டோம் என்ற உணர்வு அந்த வயதில் அவர்களுக்கு உண்டாயிற்று. கட்டாயத்துக்காக எழுதிய கட்டுரை எரிந்துபோனால் எந்தப் பிள்ளையாவது இரவு தங்கி அதை மறுபடி எழுதுவானா?

இதன் பின்னர் ஃபேத்கா, படைக்குப் போய்விட்ட ஒருவனின் குடும்பத்தைப் பற்றி, அந்த வீட்டுப் பையனே 'நான்' என்று சொல்வதுபோல ஒரு கதை சொன்னான். அதில் உள்ள குறை தம்மால் வந்தது என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். முதலில் ஆட்களையும் வீட்டையும் வருணித்துவிட்டுப் பிறகு நிகழ்ச்சிக்கு வரவேண்டும் என்று அவர் யோசனை கூறியிருந்தார். பிள்ளையோ நிகழ்ச்சியிலிருந்து தொடங்கவே விரும்பினான். பிள்ளையின் வழியே சரியென்று அவர் பின்னர்க் கண்டார். உழவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்க வேண்டுமா, நாம் அவர்களிடம் கற்க வேண்டுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1862-ஆம் ஆண்டில் தம் கல்வி இதழில் இந்த அனுபவத்தை வெளியிட்டார். ஃபேத்கா என்று அவர் குறித்த பையனின் உண்மைப் பெயர் வசீலி மொரோசவ். அவர் முதுமையில் தம் ஆசிரியரைப் பற்றி ஒரு நினைவுநூல் எழுதினார். பத்து, பதினொன்று வயதில் பிறந்த எழுத்து வாழ்நாள் முழுவதும் அவரை விட்டுப் போகவில்லை.

அதே 1862-ஆம் ஆண்டு கோடையில், டால்ஸ்டாய் ஊரில் இல்லாதபோது, போலீசார் யாஸ்னயா போல்யானாவுக்கு வந்து இரண்டு நாள் சோதனை போட்டனர். இரகசிய அச்சுக்கூடம் இருக்கிறதா என்று தேடினர். ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் பள்ளி அதன்பின் தளர்ந்து, விரைவில் மூடப்பட்டது. உழவன் மகன் எழுத வல்லவனாவதை அக்காலத்து அதிகாரம் ஐயத்தோடு பார்த்தது என்பதற்கு இது சான்று.

அறுபது ஆண்டுகள் கழித்து, பிரான்சு நாட்டின் தென்கோடியில் வேறொருவர் தோன்றினார். செலஸ்தேன் பிரெனே என்பது அவர் பெயர். முதல் உலகப் போரில், 1917-இல், நுரையீரலில் குண்டடிபட்டவர். 1920-இல் பார்-சூர்-லூ என்ற மலையூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியரானார். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவர் உடல் இடம் கொடுக்கவில்லை. ஆகவே பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். வயலையும் ஓடையையும் நெசவாளியையும் தச்சனையும் பார்த்துவிட்டு வந்தார்கள். வெளியே கலகலவென்று பேசிய பிள்ளைகள், வகுப்புக்குத் திரும்பிப் பாடநூலைத் திறந்தவுடன் வாடிப்போவதைக் கண்டார். அவர்கள் கண்டு வந்ததற்கும் நூலில் இருந்ததற்கும் தொடர்பே இல்லை.

1924-இல் அவர் ஒரு சிறிய கை அச்சுப்பொறி வாங்கினார். பிள்ளைகள் தாம் விரும்பியபோது, தாம் விரும்பிய பொருளைப் பற்றி எழுதினார்கள். வகுப்பு முழுவதும் கூடி அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. கரும்பலகையில் எழுதி எல்லோரும் சேர்ந்து திருத்தினார்கள். பிறகு ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்து, மை தடவி, அச்சிட்டார்கள். அந்தத் தாள்களைச் சேர்த்து வைத்ததே அவர்கள் 'வாழ்க்கைப் புத்தகம்'. எழுத்துப் பிழைக்காக அடிக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஓர் எழுத்துத் தவறினால் அச்சிட்ட அத்தனை தாளிலும் தவறும் என்பதைப் பிள்ளையே அறிந்தான். படிப்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்னும் எண்ணமே பிழையைக் களைந்தது.

அந்தப் படிப்பவர்களையும் அவர் தேடித் தந்தார். 1926-இல் பிரித்தானி நாட்டுக் கடற்கரை ஊராகிய திரேகங்கில் இருந்த ரெனே தானியேல் என்னும் ஆசிரியரின் பள்ளியோடு எழுத்துப் போக்குவரத்து தொடங்கியது. மலைநாட்டுப் பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி அச்சிட்டு அனுப்பினார்கள். கடலோரப் பிள்ளைகள் தம் ஊரைப் பற்றி எழுதி அனுப்பினார்கள். நாட்டின் இரு மூலைகளிலும் இருந்த பிள்ளைகளுக்குத் தம் அன்றாட வாழ்க்கை பிறர் அறிய விரும்பும் செய்தியாயிற்று. அவர்களுக்குப் புவியியல் அப்படித்தான் வந்து சேர்ந்தது.

1928-இல் பிரெனே சேன்-போல் என்னும் ஊருக்கு மாற்றலானார். அங்கே அவருக்குப் பகைவர்கள் ஏற்பட்டனர். 1932-ஆம் ஆண்டு இறுதியில் அவருக்கு எதிராக ஊரில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அவற்றில் இடம் பெற்றது ஒரு பிள்ளை எழுதிய கனவு. பள்ளிக்குச் சாமான் தர மறுத்த ஊர்த்தலைவரை மாணவர்கள் எதிர்த்துக் கிளம்பியதாகவும், அவரைத் தான் கொன்றுவிட்டதாகவும் அந்தப் பிள்ளை கனவு கண்டு எழுதியிருந்தான். ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கலகம் கற்பிக்கிறார் என்று கூக்குரல் எழுந்தது. 1933-இல் அவர் அந்தப் பள்ளியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர் அருகிலுள்ள வான்ஸ் ஊரில் தாமே ஒரு பள்ளி அமைத்துக்கொண்டு, 1966-இல் மறையும் வரை தம் தொண்டைத் தொடர்ந்தார்.

இந்த நிகழ்ச்சியை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளையை உண்மையாக எழுதச் சொன்னால், அவன் எழுதுவதெல்லாம் பெரியவர்களுக்கு இனிதாக இராது. கனவையும் எழுதுவான், கோபத்தையும் எழுதுவான். அதை அச்சிட்டு ஊருக்குக் காட்டலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

பிரெனேயின் காலத்திலேயே போலந்து நாட்டு வார்சா நகரில் யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் அனாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். 1926 அக்டோபரில் அவர் 'சிறிய பார்வை' என்று பொருள்படும் பெயரில் ஒரு வார இதழைத் தொடங்கினார். யூதர்கள் நடத்திய போலிஷ் மொழி நாளிதழ் ஒன்றின் இணைப்பாக அது வந்தது. அதில் எழுதியவர்கள் பிள்ளைகள். எழுத வராத பிள்ளை நேரில் வந்து சொன்னால் எழுதிக்கொள்ளப்படும் என்றும் அவர் அறிவித்தார். பள்ளியில் பட்ட அவமானம், தம்பியோடு போட்ட சண்டை, வாங்க ஆசைப்பட்டுக் கிடைக்காத பொருள், இவையெல்லாம் செய்திகளாயின. அந்த இதழ் 1939 செப்டம்பர் முதல் நாள் வரை வந்தது. அன்றுதான் ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தது. 1942 ஆகஸ்டில் கோர்ச்சாக் தம் இல்லத்துப் பிள்ளைகளை விட்டுப் பிரிய மறுத்து, அவர்களோடு திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குச் சென்று மாண்டார். அந்த இதழுக்கு எழுதிய பிள்ளைகளுள் எத்தனையோ பேரும் அந்தப் போரில் மடிந்தனர். அவர்கள் தம் கையால் எழுதிய சிறு செய்திகள், அவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி மனிதராய் வாழ்ந்தார்கள் என்பதற்குச் சான்றாக நிற்கின்றன. ஒரு மக்கள் கூட்டத்தை எண்ணிக்கையாக மட்டும் பார்த்த கொடுமைக்கு, ஒரு பிள்ளையின் பத்து வரி எத்தகைய மறுப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

பிற்காலத்தவர் இருவரைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நியூசிலாந்து நாட்டில் மாவோரி இனக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் அம்மையார், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கென எழுதப்பட்ட முதற்பாட நூல் அவர்களுக்குப் பயன்படாததைக் கண்டார். ஒவ்வொரு குழந்தையிடமும் இன்று உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அதையே அட்டையில் எழுதிக் கொடுத்தார். குழந்தை அஞ்சுவதும் அன்பு செய்வதுமே முதற்சொற்களாயின. அச்சொற்களிலிருந்து இரண்டு, மூன்று வரித் தன்கதைகள் பிறந்தன. ஒருவர் கதையை மற்றவர் படித்தார்கள். 1963-இல் வெளிவந்த அவருடைய நூல் பல நாட்டு ஆசிரியர்களைச் சிந்திக்க வைத்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டானல்டு கிரேவ்ஸ், அட்கின்சன் என்ற சிற்றூர்ப் பள்ளியில் 1978 முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளைகள் எழுதும்போது அருகிலிருந்து கவனித்து, 1983-இல் ஒரு நூல் எழுதினார். முடிந்த கட்டுரைக்கு மதிப்பெண் போடுவதற்கு முன்பே, எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கேள்வி கேட்பதே ஆசிரியர் வேலை என்பது அவர் கண்ட முடிவு. தலைப்பைப் பிள்ளையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார்.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில். அந்நாளில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 'நான் கண்ட பொருட்காட்சி' என்ற தலைப்பில் நாற்பது கட்டுரை நோட்டுகள் திருத்துவதற்காக என் மேசைக்கு வந்தன. நாற்பது பேரும் விடுமுறையில் தந்தையாரோடு புகைவண்டியில் சென்னைக்குச் சென்றிருந்தார்கள்; நாற்பது பேரும் இராட்டினத்தில் ஏறி மகிழ்ந்திருந்தார்கள்; நாற்பது பேரும் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியிருந்தார்கள். அவர்களுள் புகைவண்டியை நேரில் கண்டவர்களே சிலர்தாம். எல்லாம் ஓர் உரைநூலில் இருந்த பொருட்காட்சி. எழுத்துப் பிழை இல்லை, கையெழுத்தும் நன்று. ஆனால் 'நான்' என்ற சொல்லை நாற்பது முறை படித்தும் ஒரு பிள்ளையைக்கூட நான் அங்கே சந்திக்கவில்லை. பொய் சொல்லாதே என்று முதல் வகுப்பில் கற்பித்துவிட்டு, ஐந்தாம் வகுப்பில் காணாததைக் கண்டதாக எழுதப் பழக்குகிறோமே என்று எண்ணினேன்.

அடுத்த வாரம் நோட்டை மூடி வைக்கச் சொன்னேன். இந்த வாரத்தில் உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை வாயால் சொல்லுங்கள் என்றேன். முதலில் எவரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை ஐயா என்றான் ஒருவன். பின்னர் ஒரு சிறுமி, "எங்கள் ஆட்டை விற்றோம்" என்றாள். அதை எழுது என்றேன். "எங்கள் ஆட்டை விற்றோம். எனக்கு நோட்டு வாங்கினார்கள்" என்று இரண்டே வாக்கியம் எழுதிக் கொண்டுவந்தாள். நான் எதையும் திருத்தவில்லை. வாங்க வந்தவர் யார், எப்போது வந்தார், நீ எங்கே இருந்தாய், ஆடு என்ன செய்தது என்று கேட்டேன். அவள் சொல்லத் தொடங்கினாள். வாங்க வந்தவர் ஆட்டின் முதுகை அமுக்கிப் பார்த்தார். அம்மா பணத்தை இரண்டு முறை எண்ணினாள். ஆடு போனபின் முளையில் கயிறு மட்டும் கிடந்தது. மறுநாள் காலையில் மறதியாகத் தழை ஒடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்றாள். இதையும் எழுது என்றேன். "இதையெல்லாம் எழுதலாமா ஐயா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளின் உயிர். இதையெல்லாம் எழுதலாமா? மன்னர்களையும் பொருட்காட்சியையும் பற்றி எழுதலாம். எங்கள் ஆட்டையும் கயிற்றையும் பற்றி எழுதலாமா? எழுதலாம் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லும்போது, உன் வீடும் இந்த உலகத்தைச் சேர்ந்ததே என்று அதற்குச் சொல்கிறோம்.

இம்முறையைக் கையாள விரும்பும் வருங்கால ஆசிரியர்களுக்கு, அனுபவத்தில் நான் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளை முதலில் வாயால் சொல்லட்டும். கை எப்போதும் நாவுக்குப் பின்னேதான் வரும். வாழ்க்கை முழுவதையும் கேளாமல் ஒரு பொழுதை மட்டும் கேளுங்கள். 'என் தாய்' என்ற தலைப்பு பொதுமொழிகளைத்தான் கொண்டுவரும். 'அம்மா சிரித்த ஒரு நாள்' என்றால் பிள்ளை நினைக்கத் தொடங்கும். அழகாய் இருந்தது, மகிழ்ச்சியாய் இருந்தது என்று எழுதினால், எதைக் கண்டாய், என்ன கேட்டது என்று வினவுங்கள். வீட்டுப் பேச்சில் எழுதினால் முதல் முறை அப்படியே விடுங்கள். இரண்டாம் முறை எழுதும்போது சந்தியும் நிறுத்தக்குறியும் பார்க்கலாம். பிறர் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடலாம்.

இதனால் இலக்கணம் கெடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். என் அனுபவம் வேறு. தனக்குச் சொல்ல ஒன்று இருக்கும் பிள்ளைதான் அதைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்ற கவலையும் கொள்கிறது. மனப்பாடம் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். நல்ல செய்யுளையும் நல்ல உரைநடையையும் நெஞ்சில் நிறைத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தன் கதையைச் சொல்லவும் சொற்கள் போதா. சொல்வளம் முன்னோரிடமிருந்து வர வேண்டும். செய்தி பிள்ளையிடமிருந்து வர வேண்டும். திண்ணைப் பள்ளியும் பிரெனேயின் பள்ளியும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்ளலாம். தேர்வு என்ன ஆகும் என்று பெற்றோர் கேட்பார்கள். தானே எழுதப் பழகியவன், எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் எழுதுவான். மனப்பாடம் செய்தவன் தலைப்பு மாறினால் திகைத்து நிற்பான்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. சேன்-போல் சுவரொட்டியைப் பற்றிச் சொன்னபோது இதற்கே பிறகு வருவதாகக் கூறினேன். பிள்ளை நம்பி எழுதுவது ஆசிரியரிடம் வைத்த அடைக்கலப் பொருள். ஒரு பையன் தன் தந்தை குடித்துவிட்டு வந்து தாயை அடித்த இரவைப் பற்றி எழுதிக் கொடுத்தான். வகுப்பில் படிக்கத் தக்க நல்ல எழுத்து அது. நான் அதை வகுப்பில் படிக்கவில்லை. மதிப்பெண்ணும் இடவில்லை. தனியே அழைத்து, படித்தேன் என்று மட்டும் சொன்னேன். பின்னர் அவனுடைய தாயாரைச் சந்தித்து, அவன் மாலையில் பள்ளியிலேயே இருந்து படிக்க ஏற்பாடு செய்தேன். பிள்ளையை எழுதச் சொல்பவர், அது எழுதியதைத் தாங்கவும் காக்கவும் கடமைப்பட்டவர். எழுதியவனின் இசைவு இன்றி எதையும் பிறருக்குப் படித்துக் காட்டலாகாது. எழுத விரும்பாததை எழுதும்படி வற்புறுத்தவும் கூடாது. இந்தக் காவல் இல்லாத இடத்தில் பிள்ளை மீண்டும் உரைநூலின் பொருட்காட்சிக்கே ஓடிவிடும். அதில் அதன் தவறும் இல்லை.

மாணவர்களே, டால்ஸ்டாயின் பள்ளி மூன்று ஆண்டுகளே நடந்தது. பிரெனே தம் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. கோர்ச்சாக்கின் இதழ் போரோடு நின்றது. ஆயினும் அவர்கள் திறந்த வழி அடைபடவில்லை. உங்களுள் சிலர் நாளை ஆசிரியர்கள் ஆவீர்கள். அப்போது உங்கள் மேசைக்கும் நாற்பது நோட்டுகள் வரும். அதற்கு முன், இன்று உங்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் தம்பியோ தங்கையோ பள்ளியிலிருந்து வந்து ஏதோ சொல்லத் தொடங்கினால், கையிலுள்ளதைக் கீழே வைத்துவிட்டு, பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள். அது சொல்லி முடித்ததும், ஒரு தாளையும் பென்சிலையும் அதன் முன்னே வையுங்கள்.